நன்னீர்க் கிணறும் புதுத் திறன்பேசியும்

சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் நாம் குடும்பத்துடன் புங்குடுதீவு மடத்துவெளிக்குச் சென்றிருந்தோம். பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணையூடாகச் சென்று, இருமருங்கும் கடல் விரிந்து கிடக்கும் வாணர் பாலத்தில் பேருந்து ஏறியதும் முகத்தில் வந்து மோதும் உப்புக் காற்றே ஊரின் முதல் வரவேற்பாகும். அங்கே எமது பெரியம்மா தனித்து வாழ்கின்றார். பிள்ளைகள் மூவருள் மூத்தவர் சுவிற்சர்லாந்திலும், அடுத்தவர் பாரிசிலும், இளையவர் கனடாவிலும் குடியேறிப் பல்லாண்டுகளாயின. தீவகத்தில் இது புதுமையன்று. குடும்பத்துக்கு ஒருவரேனும் கடல் கடந்து வாழும் ஊர்களிலே கைத்தொலைபேசி வெறும் பொழுதுபோக்குக் கருவியன்று. தாயையும் மக்களையும் இணைத்து நிற்கும் நூல் அதுவே.

படலையைத் திறந்த எம்மை "வாருங்கோ" என்று அழைத்த பெரியம்மா, தேநீர் தருமுன்னரே ஒரு பெட்டியைக் கொணர்ந்து எமது கையில் வைத்தார்.

"தம்பி, பேரன் சுவிஸிலையிருந்து குடுத்துவிட்ட புதுப் போன். முந்தநாள்தான் வந்தது. விடிய நூறு எண்டு காட்டினது. மத்தியானம் ஆகமுன்னம் செத்துப்போச்சு. பழுதான சாமானைக் குடுத்து அவனை ஏமாத்திப்போட்டாங்களோ? நீ படிப்பிக்கிற பிள்ளை, ஒருக்கால் பார் மோனை" என்றார்.

அவருடைய கவலைக்குக் காரணம் உண்டு. கார்த்திகை மாதத்து மழையிரவொன்றில் ஊரிலே மின்சாரம் நின்றுவிட்டது. பகல் முழுதும் நாடகம் பார்த்த பழைய போனில் மிச்சம் ஏதும் இருக்கவில்லை. நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு அழைக்கும் மூத்த மகன் அன்றும் அழைத்தார், விடையில்லை. அயல் வீட்டுக்கு அழைத்தார். அங்கும் போன் அணைந்திருந்தது. பதறிப்போன மகன் வேலணையிலுள்ள உறவினருக்குச் சொல்ல, அவர் கொட்டும் மழையில் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வந்தார். வழியிற் சறுக்கி விழுந்து முழங்காலிற் காயமும் பட்டுக்கொண்டார். வந்து கதவைத் தட்டியபோது பெரியம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு நன்றாக உறங்கிக்கொண்டிருந்தார்! இன்று இதை நினைத்துச் சிரிக்கின்றோம். ஆயினும் சூரிச் நகரிலே அன்றிரவு முழுதும் விழித்திருந்த மகனுக்கு அது சிரிப்பன்று. அந்த இரவின் பயனாகவே புதுத் திறன்பேசி வந்து சேர்ந்தது.

கருவி புதிதானால் மட்டும் போதுமா? அதனைத் தொடங்கும் முறையையும், அதன் மின்கலத்தைப் பேணும் முறையையும் அறியாவிடின் புதியதும் பழையதன் கதியையே அடையும். பெரியம்மாவுக்கு அன்று நாம் எடுத்துக் கூறியவற்றை, எம் வாசகக் குடும்பங்களுக்கும் மாணவருக்கும் பயன்படுமென்று கருதி இங்கே எழுதுகின்றோம்.

பெட்டியைத் திறந்தவுடன்

முதலிற் கவனிக்க வேண்டியது சுவரிலுள்ள மின்செருகி. இலங்கையிலே வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. ஐரோப்பாவிலும் அவ்வாறே. ஆதலின் அங்கிருந்து வரும் சார்ஜருக்கு மின்னழுத்தத்தால் ஊறு நேராது. ஆனால் அவற்றின் செருகிகள் உருண்ட முள் உடையன. எமது சுவர்த் துளைகளோ வேறு வடிவின. மேல் துளையிற் பேனையைக் குத்தித் திறந்து, இருமுள் செருகியை வலிந்து நுழைக்கும் வழக்கத்தைப் பல வீடுகளிற் கண்டிருக்கின்றோம். இது பேராபத்து. பிடி தளர்ந்த செருகியில் தீப்பொறி எழும். குழந்தைகள் அதைப் பார்த்துக் கம்பியையும் குத்துவர். இணைப்புச் செருகி ஒன்றைக் கடையில் வாங்கிக்கொள்வதே தக்கது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனையாகும் திறன்பேசிகள் யாவும் யூ.எஸ்.பி.-சி என்னும் ஒரே வகைத் துளையுடன் வரவேண்டும் என்பது சட்டம். பெட்டியினுள் சார்ஜர் இல்லாமலே பல வருகின்றன. ஆதலின் கொடுத்துவிடுவோரிடம் முன்னரே கேட்டறிக.

இரண்டாவது, அது இங்கே இயங்குமா என்பது. வெளிநாட்டிலே மாதத் தவணையில் வாங்கிய சில போன்கள் ஒரு நிறுவனத்தின் சிம் அட்டைக்கு மாத்திரம் பூட்டப்பட்டிருக்கும். அப்பூட்டை அங்கேயே நீக்குவித்து அனுப்பச் சொல்லுதல் வேண்டும். மேலும், ஒவ்வொரு போனுக்கும் ஐ.எம்.ஈ.ஐ. எனப்படும் 15 இலக்க அடையாள எண் உண்டு. விசைப்பலகையில் நட்சத்திரக் குறி, சதுரக் குறி, பூச்சியம், ஆறு, மீண்டும் சதுரக் குறி என்று அழுத்தினால் அவ்வெண் திரையில் தோன்றும். அதனைப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைக்க. போன் களவுபோனால் பொலிசாருக்குக் கொடுக்க வேண்டிய முதல் விவரம் அதுவே. கடையிற் போன் வாங்குவோர், அவ்வெண் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் உள்ளதா என்பதை 1909 என்னும் இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பி அறியலாம்.

மூன்றாவது, மொழி. அமைப்புகள் என்னும் பகுதியில் மொழியைத் தமிழாக மாற்றிவிட்டால் பெரியோரின் அச்சம் பாதி நீங்கும். எழுத்தின் பருமனையும் அங்கேயே கூட்டலாம். தட்டெழுத அறிந்தோர் 1999இல் சென்னை மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைமுறையைப் பயன்படுத்தலாம். அறியாதோர் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுப் பேசினாற் போதும், பேச்சு எழுத்தாகும். பெரியம்மா முதன்முதல் "தம்பி சுகமோ" என்று சொல்ல, அது திரையிலே தமிழெழுத்தாய் விழுந்ததைக் கண்டு அவர் அடைந்த மகிழ்ச்சியை எவ்வாறு எழுதுவோம்!

நான்காவது, காவல். திரைக்குப் பூட்டு இடுக. பிறந்த ஆண்டையோ 1234 என்பதையோ பூட்டு எண்ணாக வைத்தல் கதவைப் பூட்டித் திறப்பைப் படியில் வைப்பது போன்றது. பூட்டிய திரையிலும் காணக்கூடியதாய் அவசரத் தொடர்பாளர் ஒருவரின் பெயரையும் இலக்கத்தையும், நோயாளராயின் உட்கொள்ளும் மருந்தையும் பதிந்து வைக்க இடமுண்டு, அதனை நிரப்புக. குறுஞ்செய்தியாக வரும் இரகசியக் குறியெண்ணை வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவருக்கும் கூறற்க. உண்மையான வங்கி அதனை ஒருபோதும் கேட்பதில்லை.

ஐந்தாவது, மென்பொருளைப் புதுப்பித்தல். புதிய போனாயினும் பெட்டியில் அடைபட்டுப் பல மாதம் கடந்திருக்கலாம். புதுப்பித்தலிற் பாதுகாப்புத் திருத்தங்கள் அடங்கியிருக்கும். அதனை வைஃபை இணைப்பிலே, மின்னேற்றிக்கொண்டிருக்கும்போது செய்க.

இனி, பெரியம்மாவின் ஐயத்துக்கு வருவோம். நூறாய் இருந்தது நண்பகலுக்குள் வற்றியது ஏன்? போன் பழுதன்று. பழைய போனிலிருந்த படங்களையும் பெயர்களையும் இறக்கி, ஒவ்வொரு செயலியையும் புதுப்பித்து, ஆயிரக்கணக்கான படங்களை வகுத்து அடுக்கும் வேலையைப் புதிய கருவி முதலிரு நாட்களில் ஓய்வின்றிச் செய்கின்றது. கலியாண வீட்டுச் சமையலறையில் முதல் நாள் எரியும் விறகை வைத்து ஆண்டுச் செலவைக் கணக்கிடலாமா? இரண்டு மூன்று நாள் சென்றபின் மின்கலத்தின் உண்மை நிலை தெரியவரும். ஒரு வாரம் கழிந்தும் மாறாவிடின் அப்பொழுது விற்பனையாளரிடம் முறையிடலாம்.

முதல் நாள் எட்டு மணி நேரம் தொடர்ந்து மின்னேற்ற வேண்டும் என்று சிலர் கூறுவர். அது நிக்கல்-கட்மியம் மின்கலக் காலத்து அறிவுரை. இக்காலத்து இலிதியம் மின்கலத்துக்கு அது வேண்டுவதில்லை.

மின்கலம் வந்த வழி

நாம் பற்றரி என்று வழங்கும் இம்மின்கலத்தின் வரலாறு சுவையானது. 1973 ஏப்ரல் 3ஆம் திகதி மார்ட்டின் கூப்பர் என்னும் பொறியியலாளர் நியூயோர்க் வீதியில் நின்று உலகின் முதலாவது கைத்தொலைபேசி அழைப்பை எடுத்தார். அவ்வகைக் கருவி 1983இல் விற்பனைக்கு வந்தபோது, 10 மணி நேரம் மின்னேற்றினால் ஏறக்குறைய 30 நிமிடமே பேச முடிந்தது. இலங்கையில் 1989இல் கைத்தொலைபேசிச் சேவை தொடங்கியது. தெற்காசியாவிலேயே முதலாவது அதுதான். அக்காலத்துப் போன் செங்கல்லை ஒத்திருந்தமைக்கு அதன் மின்கலமே பெருங் காரணம்.

இந்நிலையை மாற்றியோர் மூவர். 1970களில் ஸ்ரான்லி விற்றிங்ஹாம் வழிகாட்டினார். 1980இல் ஜோன் கூடினவ் அதனை வலுப்படுத்தினார். 1985இல் யப்பானியராகிய அகிரா யோஷினோ அதனைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தத்தக்க உருவாக்கினார். 1991இல் சோனி நிறுவனம் இலிதியம்-அயன் மின்கலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. மூவருக்கும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்பொழுது கூடினவ் அவர்களுக்கு 97 வயது. அப்பரிசு பெற்றோருள் மிக மூத்தவர் அவரே. 2023இல், தமது 100ஆவது வயதில் அவர் காலமானார்.

இம்மின்கலத்தினுள் நிகழ்வது யாது? ஒரு பக்கத்தில் உலோக ஒட்சைட்டும், மறுபக்கத்திற் காரீயமும் உண்டு. பென்சிலினுள் இருக்கும் பொருள்தான் காரீயம். எம் நாட்டில் போகலைச் சுரங்கத்தில் அகழ்ந்தெடுக்கப்படுவதும் அதுவே. மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் காரீயத்தின் படைகளுக்கிடையே சென்று தங்குகின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. இப்போக்குவரத்து நிகழுந்தோறும் சிற்சில அயன்கள் வழியிற் சிக்கி வீணாகும். அதுவே மின்கலத்தின் முதுமை. அம்முதுமையைத் தடுக்க முடியாது, தாமதப்படுத்தலாம்.

மாணவர்க்கு ஒரு கணக்கு: 5,000 மில்லி அம்பியர்-மணி என்பது 5 அம்பியர்-மணி. மின்கலத்தின் சராசரி அழுத்தம் 3.85 வோல்ற்று. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 19 வாற்று-மணி. அஃதாவது 9 வாற்று மின்குமிழ் ஒன்று இரண்டு மணி நேரம் எரிவதற்கான சக்தி. உள்ளங்கையில் அடங்கும் கருவி அச்சிறு முதலை வைத்துக்கொண்டே நாள் முழுதும் குடித்தனம் நடத்துகின்றது. ஆதலின் செலவறிந்து நடத்தல் வேண்டும்.

அன்றாடச் செலவைக் குறைக்க

மின்கலத்தை மிகுதியும் உண்பது திரை. அதன் ஒளியைக் கண்ணுக்குப் போதுமான அளவுக்குக் குறைக்க. தொடாதிருந்தால் 30 வினாடியில் தானே அணையுமாறு அமைக்க. ஓ.எல்.ஈ.டி. வகைத் திரையாயின் கரும் பின்னணியைத் தெரிவு செய்தல் நன்று; அத்திரையிற் கறுப்பாய்த் தோன்றும் இடங்கள் உண்மையிலேயே ஒளிராது ஓய்ந்திருக்கும்.

அடுத்தது அலைவரிசை. கோபுரம் தொலைவிலிருக்கும் இடத்தில் போன் தன் குரலை உயர்த்திக் கூவுகின்றது; அதாவது கூடுதல் வலுவுடன் அலைகளை அனுப்பி, ஓயாது கோபுரத்தைத் தேடுகின்றது. குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவு செல்லும் ஒருமணி நேரக் கடற்பயணத்தில் ஒன்றும் பேசாமலே மின்கலம் இறங்குவதைப் பலர் கண்டிருப்பர். காரணம் இதுவே. அழைப்பை எதிர்பாராத வேளையில் விமானநிலை என்னும் குறியைத் தொட்டுவிட்டால் அத்தேடல் நிற்கும். கரையேறியதும் அதனை நீக்க மறவாதீர்கள்.

காணொளி அழைப்பில் திரை, புகைப்படக் கருவி, ஒலிபெருக்கி, இணையம் ஆகிய நான்கும் ஒருங்கே உழைக்கின்றன. பேரப்பிள்ளையின் முகத்தைக் காணாதிருக்க எந்த ஆச்சிதான் உடன்படுவார்! ஆயினும், மின்கலம் குறைந்த வேளையில் முகம் பார்ப்பதைச் சுருக்கிக் குரலாற் பேசுவதும், அதற்கும் குறைந்தால் ஒருவரிச் செய்தி அனுப்புவதும் அறிவுடைமை.

அமைப்புகளில் மின்கலம் என்னும் பக்கத்தைத் திறந்தால் எந்தச் செயலி எவ்வளவு உண்டது என்பது பட்டியலாகத் தெரியும். பெரியம்மாவின் போனில் அவர் ஒருமுறையும் திறந்திராத விளையாட்டொன்று பின்னணியில் இயங்கிக்கொண்டிருந்தது. கடைக்குட்டிப் பேரன் பதிந்து விட்டதாம். வேண்டாதவற்றை நீக்குக. இருப்பிடத்தை அறியும் அனுமதியை, வழிகாட்டும் செயலி போன்ற தேவையானவற்றுக்கு மட்டும் கொடுக்க. ஆனால், பயன்படுத்தும் செயலிகளை நிமிடந்தோறும் ஒதுக்கித் தள்ளி மூடுவதாற் பயனில்லை. மீண்டும் முதலிலிருந்து திறக்கும்போதே மிகுதியான மின் செலவாகும்.

பல்லாண்டு பேண

நாளாந்தச் செலவு ஒரு புறமிருக்க, மின்கலத்தின் ஆயுள் வேறொரு விடயம். 20 வீதத்துக்குக் கீழே இறங்கவிடாமலும், 80 வீதத்துக்கு மேலே நாள்தோறும் ஏற்றாமலும் வைத்திருத்தல் இலிதியம் மின்கலத்துக்கு உகந்தது என்று பெரியம்மாவுக்குக் கூறினோம். சற்று யோசித்தவர், "அப்ப இது எங்கட நல்ல தண்ணிக் கிணறு மாதிரி எண்டு சொல்லு" என்றார்.

எத்தனை பொருத்தமான உவமை! தீவகத்திலே நன்னீர் அருமை. மழைநீர் நிலத்தினுள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. அளவறிந்து அள்ளும்வரை கிணறு இனிக்கும். ஆசைக்கு இயந்திரம் வைத்து அடிவரை இறைத்தால் உவர் மேலேறும். அதன்பின் எத்தனை மழை பெய்தாலும் பழைய சுவை எளிதில் மீளாது. மின்கலத்தையும் அடிவரை வற்றவிடுதல் இவ்வாறே அதற்கு ஊறு செய்யும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கிணறு நிரம்பி வழிந்தால் நன்மை. மின்கலமோ நாளும் விளிம்புவரை நிரம்பி நிற்பதையும் விரும்புவதில்லை. நிரம்பிய நிலையில் உள்ளே அழுத்தம் உயர்ந்து, வேண்டாத இரசாயன மாற்றங்கள் விரைகின்றன. 80 வீதத்துடன் நிறுத்தும் ஏற்பாடு இப்போது பல போன்களிலேயே உண்டு. நெடும்பயணம் செல்லும் நாளில் நூறு வரை ஏற்றுவதாற் குற்றமில்லை.

காரிலும் மோட்டார் சைக்கிளிலும் உள்ள ஈயமின்கலம் எப்பொழுதும் நிறைந்திருப்பதையே விரும்பும். எம் மூத்தோர் அதனைப் பார்த்துப் பழகியவர்கள். ஆதலின் போனையும் இரவு முழுதும் சார்ஜரில் விடுகின்றனர். இரண்டும் வெவ்வேறு சாதி என்பதை நினைவிற் கொள்க. அவ்வாறே டோர்ச் லைற்றின் உலர்மின்கலத்தை வெயிலிற் காயவைத்து உயிர்ப்பித்த பழக்கமும் எம்மிடையே இருந்தது. போனை வெயிலில் வைத்தாலோ அது விரைவில் மாளும். பூச்சியம் முதல் 35 பாகை செல்சியஸ் வரையுள்ள சூழலே திறன்பேசிக்கு ஏற்றது என்பர். எமது சித்திரை வெயிலோ நிழலிலேயே அவ்வெல்லையை நெருங்கும்! ஆதலின் அடுப்படி யன்னல், காரின் முன்தட்டு, மோட்டார் சைக்கிளின் இருக்கை ஆகியன போனுக்கு ஆகா. மின்னேற்றும்போது தலையணைக்கடியில் வைத்தல் தீயை அழைத்தலாகும். மாணவர் மின்னேற்றிக்கொண்டே விளையாடுவதும் மின்கலத்தை இருமடங்கு சூடாக்கும் தீய வழக்கம்.

மின்னேற்றச் சுற்று என்பதையும் விளக்குதல் நலம். இன்று பாதியும் நாளை பாதியும் ஏற்றினால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. ஆகவே, அடிக்கடி சிறிது சிறிதாக ஏற்றுவதால் ஆயுள் குறையும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சந்தைக்கு வரும் திறன்பேசிகளின் மின்கலம், 800 சுற்றுக்களின் பின்னும் தொடக்கக் கொள்ளளவின் 80 வீதத்தையேனும் தாங்கி நிற்றல் வேண்டும் என்பது விதி.

கடலோர மக்களுக்குத் தனியாக ஒன்று கூறுவோம். படகிலே தெறிக்கும் கடல்நீர் மழைநீரிலும் கொடியது. மின்னைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். நனைந்த போனை உடனே அணைத்து, துடைத்து, துளை கீழ்நோக்க நிறுத்திக் காற்றாட வைக்க. ஈரத்துடன் மின்னேற்றல் ஆகாது. அரிசிப் பானையினுள் புதைப்பதும் வேண்டாம். அரிசித் தூள் துளையை அடைத்துவிடும். கடல்நீர் உள்ளே புகுந்ததாயின் திருத்துநரிடம் விரைந்து காட்டுக. மின்கலம் உப்பிப் போனின் முதுகு பிரிந்தால், அதனை அழுத்தவோ குத்தவோ முயலற்க. மின்னேற்றுவதை நிறுத்தித் திருத்துநரிடம் ஒப்படைக்க. பழைய போனை எடுத்து வைப்பதாயின் பாதியளவு ஏற்றி, அணைத்து, குளிர்ந்த இடத்தில் வைத்து, ஆறு மாதத்துக்கொருமுறை பார்த்துக்கொள்க.

மின்சாரம் நின்ற நாளில்

மின்கலத்தின் அருமை மின்சாரம் நின்றபோதே தெரியும். 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று மோதியதால் நாடு முழுதும் இருளில் மூழ்கியது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது பல மாவட்டங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒருங்கே அறுந்தன.

எமது தலைமுறையினருக்கோ இருள் புதிதன்று. 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அறவே நின்றது. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. நாம் அப்போது பள்ளிச் சிறுவர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிபலகையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னால் வானொலிச் செய்தி கேட்போம். சுழற்றும் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். உறவினர் இருக்கும் ஊரின் பெயர் வரும்வரை கை மாற்றி மாற்றிச் சுழற்றியதை எம்முடன் பயின்றோர் எவரும் மறந்திரார். ஒரு துளி மின்னுக்கு எத்துணைப் பெறுமதி உண்டென்பதை அன்றே கற்றோம்.

ஆதலின் மழைக்கால முன்னறிவிப்பு வந்தவுடன் செய்ய வேண்டியன சில. போனை முழுதாக ஏற்றுக. இந்நாளில் 80 வீத வரம்பைப் பாராட்டற்க. பவர் பாங் எனப்படும் சேமமின்கலத்தையும் நிரப்பி வைக்க. 10,000 மில்லி அம்பியர்-மணி என்று எழுதியிருப்பினும், மாற்றத்தில் நேரும் இழப்புப் போக, 5,000 உடைய போனை ஏறக்குறைய ஒன்றரை முறையே அது நிரப்பும். விமானத்தில் வரும் உறவினர் இதனைக் கைப்பையில் மட்டும் கொணரலாம். சரக்குப் பெட்டியினுள் வைத்தல் விதிக்கு மாறு. மின்சாரம் நின்றவுடன் மின்சேமிப்பு நிலையைத் தொட்டு, நாடகத்தையும் பாட்டையும் நிறுத்துக. கோபுரங்களும் தம் மின்கலத்தாலேயே அவ்வேளை இயங்குவதால், நெடும்பேச்சை விடுத்து, "நலம், நாளை பேசுவோம்" என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டால் தொலைவிலிருப்போர் நிம்மதியாக உறங்குவர். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, பொலிசாரின் 119, நோயாளர் வண்டிக்குரிய 1990 ஆகிய இலக்கங்களைப் போனில் மட்டுமன்றிச் சுவரிலும் எழுதி வைக்க. முக்கியமான உறவினரின் இலக்கங்களையும் அவ்வாறே எழுதுக. போன் அணைந்தால் அதிலுள்ள பெயர்களும் உடன் மறைந்துவிடுமன்றோ?

சேமித்து வைத்தல் என்னும் இவ்வறிவு இன்று எம் தீவுகளுக்கே பொதுவாகி வருகின்றது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன நாட்டின் பெருமின்வலையுடன் இணையாது, டீசல் இயந்திரத்தை நம்பியிருந்த தீவுகள். அவற்றுக்குச் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின் வழங்குவதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச் 1ஆம் திகதி கைச்சாத்தாயிற்று. இந்திய அரசின் 11 மில்லியன் டொலர் நன்கொடை அது. சூரிய ஒளியால் 1,700 கிலோவாற்றும், காற்றால் 530 கிலோவாற்றும் பெறுதல் திட்டம். அவற்றோடு 2,400 கிலோவாற்று-மணி கொண்ட மின்கலத் தொகுதியும் இத்திட்டத்தில் இடம்பெற்றது. எமது 19 வாற்று-மணிக் கணக்கின்படி அது ஏறக்குறைய ஒன்றேகால் இலட்சம் திறன்பேசிகளின் மின்கலங்களைச் சேர்த்ததற்கு ஒப்பாகும். பகலிற் பெற்றதை இரவுக்கு வைத்தல் என்னும் கருத்து இரண்டுக்கும் ஒன்றே.

மூன்றாம் நாள் நாம் புறப்பட்டபோது, பெரியம்மா போனை அடுப்படி யன்னலிலிருந்து எடுத்து, காற்றோட்டமுள்ள நடுவறை மாடத்தில் வைத்திருந்தார். சுவரில் நாட்காட்டியின் அருகே இலக்கங்கள் ஆறு கரித்துண்டால் எழுதப்பட்டிருந்தன. யாழ்ப்பாணம் திரும்பிச் சில நாட்களின் பின் ஓர் இரவு அழைத்தோம். ஊரில் மின்சாரம் இல்லையாம். "பயப்பிடாதை தம்பி, மகனோடை கதைச்சிட்டன். இன்னும் பாதிக்குமேலை கிடக்கு. வை போனை, வீணாக்காமல்!" என்று சொல்லி, எமக்கு மறுமொழி கூற இடமளியாமலே துண்டித்துவிட்டார்.

அவர் நன்கு கற்றுக்கொண்டார். நம் கையிலுள்ள போனின் மின் நமக்கு மட்டும் உரியதன்று; மறுமுனையில் நமது குரலுக்காகக் காத்திருப்போருக்கும் அதிற் பங்குண்டு. நாடகத்திலும் விளையாட்டிலும் அதனை முற்றாய்க் கரைத்துவிடாமல், அவர்களுக்கென ஒரு பங்கை என்றும் எஞ்சவைப்போமாக.